டீசல் காரின் மூச்சுக்குழாயில் கரி படிந்த கதை

ஒரு டீசல் கார் மேட்டில் ஏறத் திணறுகிறது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. பின்னால் கறுப்புப் புகை. மைலேஜும் குறைந்துவிட்டது. டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஏர் ஃபில்டரை மாற்றுகிறார், டீசல் ஃபில்டரை மாற்றுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் என்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு குழாயைக் கழற்றிப் பார்த்தால்... இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டிய ஓட்டையில் சுண்டுவிரல் கூட நுழையவில்லை. உள்ளே ரோடு போடும் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு படிவு!

அந்தக் குழாயின் பெயர் இன்டேக் மேனிபோல்டு. வெளிக்காற்றை வாங்கி ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிளைக்குழாய் அது. என்ஜினின் மூச்சுக்குழாய் என்று சொன்னால் சட்டென்று புரியும்.

சுத்தமான காற்று மட்டுமே போக வேண்டிய குழாயில் இவ்வளவு கரி எப்படி வந்தது? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வானத்தில் தொடங்கி, ஐரோப்பாவின் உச்ச நீதிமன்றம் வரை போன கதை இது. இந்தக் கதை தெரியாமல் குழாயை மட்டும் சுத்தம் செய்பவர் அதே குழாயை மறுபடியும் கழற்ற வேண்டியிருக்கும்.

வெறும் குழாயாக இருந்த காலம்

ருடால்ஃப் டீசல் 1892-ல் தன் என்ஜினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் அது வெற்றிகரமாக ஓடியது. எரிபொருளின் வெப்பத்தில் சுமார் 26 சதவீதத்தை அது உழைப்பாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி என்ஜின்களோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய முன்னேற்றம்.

பெட்ரோல் என்ஜினுக்கும் டீசல் என்ஜினுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பழைய பெட்ரோல் என்ஜினில் காற்றும் பெட்ரோலும் கார்புரேட்டரில் கலந்து, மேனிபோல்டு வழியாக உள்ளே போகும். எவ்வளவு கலவை போக வேண்டும் என்பதை த்ராட்டில் என்ற மூடி கட்டுப்படுத்தும். டீசலில் இதெல்லாம் இல்லை. காற்று தடையில்லாமல் உள்ளே போகும். சிலிண்டருக்குள் அது அழுத்தப்பட்டுக் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது டீசல் தனியாகப் பீய்ச்சப்படும். வேகம் வேண்டுமா? டீசலைக் கூட்டினால் போதும். காற்றைக் கட்டுப்படுத்தத் தேவையில்லை.

ஆகவே டீசல் என்ஜினிலேயே எளிமையான பாகம் எது என்றால் இன்டேக் மேனிபோல்டுதான். 1936-ல் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் மெர்சிடிஸ் 260 டி என்ற கார் அறிமுகமானது. தொழிற்சாலையில் தொடர் உற்பத்தியாக வந்த முதல் டீசல் கார்களில் ஒன்று அது. அந்தக் காலத்து டீசல் கார்களில் மேனிபோல்டு கெட்டுப்போவது என்றால் இரண்டே காரணங்கள்தான். ஒன்று, கேஸ்கெட் போய்க் காற்று கசியும். இரண்டு, வார்ப்பில் விரிசல் விழும். கசிவின் வழியாகத் தூசி உள்ளே போனால் சிலிண்டர் தேயும். போல்ட்டை முடுக்கி, கேஸ்கெட்டை மாற்றினால் வேலை முடிந்தது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலை.

இந்த எளிமை பல பத்தாண்டுகள் நீடித்தது. அதைக் கலைத்த காரணம் என்ஜினுக்கு வெளியே இருந்து வந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் வானமும் அன்னாசிப்பழ விஞ்ஞானியும்

1943 ஜூலையில் ஒரு நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை அடர்த்தியான புகைமூட்டம் மூடியது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜப்பான்காரர்கள் விஷவாயு வீசிவிட்டார்கள் என்று கூடச் சிலர் பயந்தார்கள்! ஆனால் புகைமூட்டம் ஒரு நாளோடு போகவில்லை. ஆண்டுதோறும் வந்தது.

இதற்கு விடை கண்டவர் கால்டெக் கல்வி நிறுவனத்தில் இருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர். நெதர்லாந்தில் பிறந்தவர். அன்னாசிப்பழத்தின் மணத்துக்கு எந்தெந்தப் பொருட்கள் காரணம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். அதே முறையில் அவர் நகரத்துக் காற்றையும் பிரித்துப் பார்த்தார். 1950களின் தொடக்கத்தில் அவர் சொன்ன முடிவு இதுதான்: வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளி பட்டு வினைபுரிகின்றன. அதில் பிறக்கும் ஓசோன் முதலான பொருட்கள்தான் கண்ணை எரிக்கின்றன.

கார் கம்பெனிகள் இதை எளிதில் ஏற்கவில்லை. ஆனால் ஆதாரங்கள் குவிந்தன. 1967-ல் கலிபோர்னியாவில் காற்று வளங்களுக்கான வாரியம் உருவாக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹாகன்-ஸ்மிட்டேதான். 1970 டிசம்பர் 31 அன்று அதிபர் நிக்சன் தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கார்களின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது.

புகையைத் திரும்பக் குடிக்கும் என்ஜின்

நைட்ரஜன் ஆக்சைடு எங்கிருந்து வருகிறது? பெட்ரோலிலோ டீசலிலோ இருந்து பெரும்பாலும் வருவதில்லை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். சாதாரணமாக அது எதனோடும் சேராமல் சும்மா இருக்கும். சிலிண்டருக்குள் வெப்பம் மிக அதிகமானால் மட்டும் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். எனவே எரியும்போது உண்டாகும் உச்ச வெப்பத்தைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும்.

அதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி விசித்திரமானது. வெளியே போகும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி, இன்டேக் மேனிபோல்டுக்குள்ளேயே விட்டார்கள்! ஏற்கெனவே எரிந்துபோன வாயு மறுபடி எரியாது. அது ஆக்சிஜனுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வெப்பத்தையும் உறிஞ்சும். எரிதல் சற்று அடங்கி நடக்கும். இதற்கு ஈ.ஜி.ஆர். என்று பெயர். எவ்வளவு புகை திரும்பப் போக வேண்டும் என்பதை ஈ.ஜி.ஆர். வால்வு தீர்மானிக்கும்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெட்ரோல் கார்களில் இது பரவலானது. பெட்ரோல் புகையில் கரி குறைவு என்பதால் குழாய் அடைத்துக்கொள்ளும் தொல்லையும் குறைவாகவே இருந்தது. ஆனால் டீசல் புகை அப்படியல்ல.

டீசலுக்கு வந்த வினை

டீசல், சிலிண்டருக்குள் சின்னச் சின்னத் துளிகளாகப் பீய்ச்சப்பட்டு எரிகிறது. துளியைச் சுற்றி ஆக்சிஜன் போதாத இடங்களில் கரி உண்டாகிவிடும். இந்தப் புகையைத் திருப்பி உள்ளே விட்டால் கரியும் கூடவே வரும்.

கரி மட்டும் வந்தால் கூடப் பரவாயில்லை. மேனிபோல்டுக்குள் இன்னொரு விருந்தாளியும் உண்டு. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி என்ஜினின் அடிப்பகுதிக்கு இறங்கும் வாயு, என்ஜின் ஆயிலின் ஆவியையும் சுமந்துகொண்டிருக்கும். அதை வெளியே விடக்கூடாது என்பதும் சட்டம்தான். எனவே பிரீதர் குழாய் வழியாக அதையும் உள்ளிழுக்கும் காற்றிலேயே சேர்த்துவிடுகிறார்கள். காய்ந்த கரி கண்ணுக்கு இடும் மை போல மெல்லிய தூள். அதோடு எண்ணெய் சேர்ந்தால் பிசின் ஆகிறது. குளிர்ந்த குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நாளாக நாளாக இறுகுகிறது. இரத்தக் குழாயில் கொழுப்பு படிவது போலத்தான்.

1989-ல் ஆவுடி 100 டி.டி.ஐ. கார் வந்தது. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 கார் காமன் ரெயில் முறையோடு வந்தது. சிலிண்டருக்குள் நேரடியாக டீசலைப் பீய்ச்சும் இந்த என்ஜின்கள் மைலேஜிலும் இழுவையிலும் பழைய டீசல்களை ஓரங்கட்டின. ஐரோப்பாவில் டீசல் கார்கள் கொடிகட்டிப் பறந்தன. ஆனால் நேரடிப் பீய்ச்சலில் நைட்ரஜன் ஆக்சைடு அதிகம். அதே நேரத்தில் விதிகளும் இறுகிக்கொண்டே வந்தன. டீசல் காருக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு யூரோ 3-ல் (2000) கிலோமீட்டருக்கு 0.50 கிராம். யூரோ 4-ல் (2005) 0.25. யூரோ 5-ல் (2009) 0.18. யூரோ 6-ல் (2014) வெறும் 0.08!

வரம்பு இறங்க இறங்க, திருப்பி விடப்படும் புகையின் அளவு ஏறியது. லேசாக ஓட்டும்போது சிலிண்டருக்குள் போவதில் பாதி வரை கூடப் பழைய புகையாக இருக்கலாம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் ஈ.ஜி.ஆர். மூடிக்கொள்ளும். எனவே நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டப்படும் காரை விட, நகரத்துக்குள் கொஞ்ச தூரம் மட்டும் ஊர்ந்து போகும் கார்தான் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது.

குழாய்க்குள் கதவுகள்

இதற்கிடையில் மேனிபோல்டும் வெறும் குழாயாக இல்லாமல் போனது. ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வந்த பிறகு, காற்று நுழைய இரண்டு வழிகள் கிடைத்தன. என்ஜின் மெதுவாக ஓடும்போது ஒரு வழியை மூடினால், மற்ற வழியில் காற்று சுழன்றுகொண்டு வேகமாக நுழையும். டீசலோடு நன்றாகக் கலக்கும், கரி குறையும். அதற்காக மேனிபோல்டுக்குள் சின்னச் சின்னத் தகட்டுக் கதவுகளை வைத்தார்கள். இவற்றுக்கு ஸ்விர்ல் ஃபிளாப் என்று பெயர்.

யோசனை நல்லதுதான். ஆனால் அந்தக் கதவுகள் இருந்த இடம், ஈ.ஜி.ஆர். கரியைக் கொண்டுவந்து கொட்டும் இடம்! கரி படிந்து கதவுகள் இறுகின. இறுகிய கதவை மோட்டார் இழுக்க, அச்சு தேய்ந்தது, இணைப்புக் கம்பி கழன்றது. 2000களின் முற்பகுதியில் வந்த பி.எம்.டபிள்யூ. டீசல் என்ஜின்கள் சிலவற்றில் கதவே உடைந்து சிலிண்டருக்குள் விழுந்தது. அப்படி விழுந்தால் பிஸ்டனும் வால்வும் காலி. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 2.0 டி.டி.ஐ. கார்களை வைத்திருந்தவர்களுக்கு பி2015 என்ற பிழைக் குறியீடு நன்றாகப் பழக்கமானது. கதவுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று சொல்லும் சென்சார், எதிர்பார்த்த எல்லையைத் தாண்டிவிட்டது என்பது அதன் பொருள்.

காதிலிருந்து கம்ப்யூட்டருக்கு

பழைய மெக்கானிக்குகள் காதையும் மூக்கையும் வைத்தே கோளாறைக் கண்டுபிடித்தார்கள். 'உஸ்' என்று சத்தம் கேட்டால் கசிவு. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பிய டீசல் கார்களில் 2003 முதலும் ஓ.பி.டி. முறை கட்டாயமானது. காரே தன் நோயைக் குறியீடாகச் சொல்லத் தொடங்கியது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். குறியீடு என்பது அறிகுறி. அதுவே நோய் அல்ல! உதாரணத்துக்கு பி0401 என்ற குறியீடு 'ஈ.ஜி.ஆர். ஓட்டம் போதவில்லை' என்கிறது. உடனே விலை அதிகமான ஈ.ஜி.ஆர். வால்வை மாற்றிவிடுவார்கள். வால்வு நன்றாகவே இருக்கும், அதற்கு அடுத்த குழாய்தான் அடைத்திருக்கும். புது வால்வு போட்ட பிறகும் அதே விளக்கு எரியும்.

சரியான முறை படிப்படியானது.

முதலில் ஸ்கேனரில் காற்று அளவு சென்சாரின் எண்ணைப் பார்க்க வேண்டும். ஈ.ஜி.ஆர். திறந்தால் புகை இடத்தைப் பிடித்துக்கொள்வதால், உள்ளே வரும் புதுக்காற்று குறைய வேண்டும். மூடினால் கூட வேண்டும். ஸ்கேனர் மூலம் வால்வைத் திறந்து மூடும்போது எண் அசையவே இல்லை என்றால் வழி அடைத்திருக்கிறது, அல்லது வால்வு அசையவில்லை. எண் எப்போதும் குறைவாகவே இருந்தால் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம், மேனிபோல்டும் அடைத்திருக்கலாம்.

இரண்டாவது, கசிவு. டர்போ உள்ள காரில் காற்று அழுத்தத்தோடு வருகிறது. பி0299, அதாவது 'டர்போ அழுத்தம் போதவில்லை' என்று வந்தால், டர்போவைக் குறை சொல்வதற்கு முன் ரப்பர் குழாய்களையும் மேனிபோல்டு கேஸ்கெட்டையும் பார்க்க வேண்டும். இணைப்புகளில் எண்ணெய்க் கசடு படிந்திருந்தால் அது நல்ல துப்பு. செயற்கைப் புகையை உள்ளே செலுத்தினால் எங்கே கசிகிறதோ அங்கே வெளியே வரும்.

மூன்றாவது, கண்ணால் பார்ப்பது. ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றி டார்ச் அடித்தாலோ, சின்னக் கேமராவை உள்ளே விட்டாலோ உண்மை தெரிந்துவிடும். எத்தனை கம்ப்யூட்டர் வந்தாலும் இதற்கு ஈடில்லை.

நான்காவது, கூலன்ட் அளவு. வெளியே எங்கும் சொட்டாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் ஈ.ஜி.ஆர். கூலரைச் சந்தேகிக்க வேண்டும். திரும்பி வரும் புகையைக் குளிர்விக்கும் பாகம் இது. இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை 2018-ல் தென்கொரியா பார்த்தது.

சியோலில் பிடித்த தீ

அந்த ஆண்டு கோடையில் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள், முக்கியமாக 520டி, ஓடும்போதே ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பிடித்தன. சில கட்டடங்களில் அந்தக் கார்களைப் பார்க்கிங்குக்குள் விடவே மறுத்தார்கள். ஜூலையில் 1,06,317 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஆகஸ்டில், சோதனை முடிக்காத கார்களை ஓட்ட அரசு தடையே போட்டது.

காரணம் என்ன? ஈ.ஜி.ஆர். கூலரிலிருந்து கசிந்த கூலன்ட், படிந்திருந்த கரியோடும் எண்ணெயோடும் கலந்தது. அதன்மேல் சூடான புகை பட்டபோது அது கனன்றது. பிளாஸ்டிக்கால் ஆன இன்டேக் மேனிபோல்டு உருகி ஓட்டை விழுந்து, தீ வெளியே பரவியது. நிறுவனம் அந்த ஆண்டு அக்டோபருக்குள் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. டிசம்பர் 24 அன்று கொரிய அரசு, கோளாறு தெரிந்தும் நடவடிக்கை தாமதமானது என்று சொல்லி 1,120 கோடி வொன் அபராதம் விதித்தது.

இழுவை குறைந்தது, மைலேஜ் போனது என்பதோடு முடிந்துவிடும் விஷயம் அல்ல இது என்பதைச் சியோல் காட்டியது.

சுத்தம் செய்வதும் குறுக்கு வழியும்

அடைப்பு உறுதியானால் மேனிபோல்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். உலோகத்தால் ஆனது என்றால் ரசாயனத்தில் ஊறவைத்து, சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவைப்பார்கள். பிளாஸ்டிக் என்றால் சூடும் ஆகாது, கடுமையான ரசாயனமும் ஆகாது. ஃபிளாப் கதவுகள் ஆடினால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றிவிடுவதே நல்லது.

சிலிண்டர் ஹெட்டில் உள்ள ஓட்டைகளிலும் கரி இருக்கும். அந்தச் சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்கும்படி என்ஜினைத் திருப்பி வைத்த பிறகே அங்கே கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுரண்டிய கரி சிலிண்டருக்குள் விழும். வால்நட் கொட்டை ஓட்டைப் பொடித்து, காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிப்பது ஒரு நல்ல முறை. கரியைப் பெயர்க்கும், உலோகத்தைக் கீறாது. திரும்ப மாட்டும்போது பழைய கேஸ்கெட்டைப் போடக் கூடாது. ஸ்கேனரில் பழைய அளவுகளை அழித்து, வால்வின் நிலையைப் புதிதாகக் கற்கவைக்க வேண்டும்.

என்ஜின் ஓடும்போதே காற்றுக்குழாயில் ஸ்பிரே அடித்து முடிக்கும் வழியும் உண்டு. லேசான படிவுக்கு அது உதவலாம். ஆனால் கெட்டியாகப் படிந்த கரி கட்டியாகப் பெயர்ந்து உள்ளே போகும் ஆபத்து உண்டு. அளவு மீறினால் ஸ்பிரே திரவமே எரிபொருளாகி, டீசல் என்ஜின் கட்டுக்கடங்காமல் சீறவும் கூடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், கரி ஏன் இவ்வளவு சேர்ந்தது என்று கேட்பது. இன்ஜெக்டர் ஒழுகுகிறதா? டர்போ ஆயில் விடுகிறதா? பிரீதர் பழுதா? ஈ.ஜி.ஆர். வால்வு முழுதாக மூடுவதில்லையா? இதைச் சரிசெய்யாமல் சுத்தம் செய்வது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போல.

அலுத்துப்போன பலர் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஈ.ஜி.ஆர். குழாயில் தகடு வைத்து அடைத்துவிட்டு, சாஃப்ட்வேரையும் மாற்றி விளக்கு எரியாமல் செய்துவிடுவது! கார் நன்றாக இழுக்கும், மேனிபோல்டும் சுத்தமாக இருக்கும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே தெருவுக்கு வரும். அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டப்படி இது குற்றம். இருந்தும், புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்ட டீசல் பிக்கப் வண்டிகள் மட்டும் ஒரு பத்தாண்டில் 5,50,000-க்கு மேல் இருக்கும் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் மதிப்பிட்டது.

நீதிமன்றத்துக்குப் போன கரி

தகடு வைப்பது தனிமனிதர்கள் செய்த தவறு. அதையே ஒரு பெரிய கம்பெனி சாஃப்ட்வேரில் செய்தால்? 2014-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு சில டீசல் கார்களைச் சாலையில் ஓட்டிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. ஒரு ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, அனுமதித்த அளவைப் போல 15 முதல் 35 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு விட்டது. 2015 செப்டம்பர் 18 அன்று விவகாரம் வெடித்தது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில், சோதனை நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் சாஃப்ட்வேர் இருந்தது. ஐரோப்பிய மாடல்களில் அது செய்த வேலை எளிது. சோதனைச் சாலையில் ஈ.ஜி.ஆர். நிறைய ஓடும், நிஜச் சாலையில் குறைந்துவிடும்.

பிரான்சில் இப்படியொரு வழக்கு வந்தபோது ஒரு வாதம் எழுந்தது. ஈ.ஜி.ஆர். எப்போதும் முழுதாக ஓடினால் என்ஜின் சீக்கிரம் தேயும், கரி அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க இப்படிச் செய்யலாம்தானே? இந்தக் கேள்வி லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போனது. 2020 டிசம்பர் 17 அன்று தீர்ப்பு வந்தது. என்ஜின் தேய்வதும் அடைத்துக்கொள்வதும் வாகனம் வழக்கமாக ஓடுவதில் இயல்பாகவே நடப்பவை. ஓட்டுபவருக்கு உடனடி ஆபத்து தரும் சேதத்தைத் தடுப்பதற்கு மட்டுமே விதிவிலக்கு உண்டு. கரி அடைப்பைத் தடுப்பது அதில் சேராது!

2022 ஜூலை 14 அன்று இன்னொரு தீர்ப்பு. சில கார்களில் வெளி வெப்பநிலை 15 முதல் 33 டிகிரிக்குள் இருந்தால்தான் ஈ.ஜி.ஆர். முழுதாக வேலை செய்தது. குளிர்நாடான ஆஸ்திரியாவில் அப்படிப்பட்ட நாட்கள் எத்தனை? ஆண்டின் பெரும்பகுதியில் அணைந்திருக்கும் ஏற்பாட்டை நியாயப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்புகளின் சாரத்தைச் சாதாரண மொழியில் சொன்னால் இப்படித்தான் வரும். கரி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். அதற்காக மேனிபோல்டைக் காப்பாற்றிவிட்டு நகரத்து மக்களின் நுரையீரலைப் பலிகொடுக்கக் கூடாது. அடைக்காத என்ஜினை வடிவமைப்பது கம்பெனியின் வேலை.

முடிவாக

அப்படி வடிவமைக்க முடியுமா என்றால், முடியும். கரி வடிகட்டியைத் தாண்டிய பிறகு சுத்தமான புகையை மட்டும் எடுத்துத் திருப்பிவிடும் குறைந்த அழுத்த ஈ.ஜி.ஆர். வந்தது. யூரியா கரைசலைப் புகையில் தெளித்து, நைட்ரஜன் ஆக்சைடை என்ஜினுக்கு வெளியிலேயே சாதாரண நைட்ரஜனாக மாற்றும் முறையும் கார்களுக்கு வந்தது. இதனால் எல்லாச் சுமையையும் ஈ.ஜி.ஆர். மேல் ஏற்ற வேண்டிய கட்டாயம் குறைந்தது. 2017 செப்டம்பர் முதல் ஐரோப்பாவில் புது மாடல்களை நிஜச் சாலையிலும் ஓட்டிச் சோதிக்கிறார்கள். செலவு கூடியது உண்மைதான். ஆனால் அந்தச் செலவு முன்பும் இருந்தது. நகரத்தில் மூச்சு விட்ட ஒவ்வொருவரும் அதைத் தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் குழந்தைகளின் கண்ணை எரித்த அதே பொருளைத் தடுப்பதற்காகத்தான் அந்தக் கரி என்ஜினுக்குள் திருப்பி அனுப்பப்பட்டது. எனவே அடைத்த மேனிபோல்டைக் கையில் வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. தகடு வைத்து அடைத்து, நைட்ரஜன் ஆக்சைடை ஊர் மேல் விடலாம். அல்லது காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, சரிசெய்து, சுத்தம் செய்து மாட்டலாம். இரண்டாவது வழிக்கு நேரம் அதிகம் பிடிக்கும், கையும் நன்றாகக் கறுக்கும். ஆனால் கை கறுப்பு சோப்பு போட்டால் போய்விடும்!